ஏதும் குடுத்தனீங்களா?

1999 பெப்ரவரி 8, திங்கள்

காலிமுகத்திடல் தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் ஒரு பக்கம். எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், வீட்டில் வேறு யார், பையில் என்ன. ஒருவன் கேட்கிறான், மற்றவன் எழுதுகிறான். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காட்டினேன். டொக்டரா என்றான். நாய் பூனை டொக்டர் என்றேன். எழுதுகிறவன் சிரித்தான். எழுதவும் செய்தான்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு குரல் வருகிறது. தட்டையானது. கேள்வி முடியுமுன்பே சிங்களத்தில் 'நே', இல்லை, என்று சொல்லிவிடும். பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால்தான் என் குரல் திரும்பி வரும்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கிளினிக். டொக்டர் சிறிலின் வீட்டுக் கீழ்மாடி. ஒரு மேசை, ஒரு ஒட்சிசன் சிலிண்டர், அவர், நான். பேராதனைப் பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

இன்று ஒரு பொமரேனியன் செபமாலையை விழுங்கிவிட்டு வந்தது. ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தோம். சிலுவை முதலில் வந்தது.

"டொக்டர், இதைக் கழுவிப்போட்டுப் பாவிக்கலாமா?" என்று சொந்தக்காரி கேட்டாள்.

"அது பாதரிட்டக் கேக்கோணும். நாய்க்கு ஒண்டுமில்லை" என்றார் சிறில்.

வயது, இனம், உணவு, தடுப்பூசி, வீட்டில் வேறு யார், கடைசியாக என்ன கொடுத்தீர்கள். பேராதனையில் பழக்கிய வரிசை. அட்டையும் பேனையுமாக அதைக் கேட்டு எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி. உலகில் ஏதோ ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறது என்று.

பெப்ரவரி 9, செவ்வாய்

மழை. யாரும் வரவில்லை. சிலிண்டரின் தூசியைத் துடைத்தேன்.

பெப்ரவரி 11, வியாழன்

பூனை. ஆண். சாம்பல் உடம்பு, நாலு காலும் வெள்ளை. பெயர் சொக்ஸ்.

கொண்டுவந்தவர் ஐம்பது தாண்டிய பெண். றஞ்சிதம் என்று மட்டும் சொன்னார். பிளாஸ்ரிக் கூடையை மேசையில் வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தார். உள்ளே ஒரு பழைய சேலைத் துண்டு.

முகம் வீங்கியிருந்தது, கண் இடுங்கும் அளவுக்கு. பாதங்களும். வெள்ளைச் சொக்ஸுக்குள் யாரோ பஞ்சு அடைத்ததைப் போல. வாயைத் திறந்து மூச்சு விட்டது. நாய் அப்படி விடலாம். பூனை வாயால் மூச்சு விட்டால் அவகாசம் இல்லை.

உடுப்பு வைக்கும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் துளை போட்டு ஒட்சிசன் பெட்டியாக வைத்திருக்கிறோம். அதற்குள் விட்டேன். அட்டையை எடுத்தேன்.

"எப்ப தொடங்கினது?"

"காலமை."

"வெளியில போறவனா?"

"இல்லை."

"வீட்டில வேற ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"ஏதும் குடுத்தனீங்களா? மருந்து, வேற சாப்பாடு?"

"இல்லை. ஒண்டும் குடுக்கேல்லை."

எழுதினேன். ஒன்றும் கொடுக்கவில்லை. வீக்கம், மூச்சு – ஏதோ கடித்திருக்க வேண்டும். குளவி, பூரான், பாம்பும்தான். அதற்கான ஊசியைப் போட்டேன். காத்திருந்தேன். குறையவில்லை. கூடியது.

சிறில் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "என்ன நிறம் இது?"

பல்லுக்கு மேலே முரசுத் தசை. சிவப்பில்லை. வெளிறவும் இல்லை. மண்ணிறம். கொக்கோ கரைத்ததைப் போல. நான் வீக்கத்தைப் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை.

வெள்ளை ரிஷூத்தாளில் அவனுடைய இரத்தம் ஒரு துளி. ஒப்பிட, என் விரலைக் குத்தி என்னுடையது ஒரு துளி. என்னுடையது காற்றுப் பட்டுச் சிவந்தது. அவனுடையது மண்ணிறமாகவே கிடந்தது. இரத்தம் இருக்கிறது. காற்றைச் சுமக்க அதனால் முடியவில்லை. உடம்பெல்லாம் இரத்தம் ஓடியும் மூச்சுமுட்டல்.

கடியில்லை. தின்ற ஏதோ. பூனைக்கு இதைச் செய்யக்கூடிய பொருட்கள் சில. எது என்று தெரிந்தால் மாற்று மருந்து உண்டு. தெரியாவிட்டால் இல்லை.

சிறில் குரலைத் தாழ்த்தினார். "அந்த மனிசி எதையோ ஒளிக்கிறா, ஐறீன். நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிக்கிறம். பின்னேரத்துக்குள்ள தெரியாட்டி கடைசி ஊசியைப் போட்டு விடுவம். இப்பிடித் துடிக்க விடேலாது. பாவம்."

அட்டையோடு, அவர் உட்கார்ந்திருந்த வெளி வாங்குக்குப் போனேன். திரும்பக் கேட்டேன். இன்னும் தெளிவாக, இன்னும் ஒழுங்காக. இல்லை. இல்லை. ஒண்டுமில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் – கேள்வி முடியுமுன் வரும் அந்தத் தட்டையான குரல். எனக்கு அது தெரியும். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வெளியே நின்று நான் பேசியது.

அட்டையை வாங்கின் கீழே போட்டேன். பேனை பைக்குள். எதிரில் நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்தது அம்மா.

"எங்கட அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பனடோல் மாத்திரைதான், அன்ரி. தலையிடி, கால் நோ, சோதினைப் பயம். ஒருக்காக் கோழிக்கும் குடுத்தவா."

அவர் என் வெறும் கையைப் பார்த்தார்.

"கோழி தப்பினதோ?"

"தப்பினது. பேந்து ஞாயிற்றுக்கிழமை கறியாப் போச்சு."

அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் அசைய. பிறகு தோள் அசைவது நிற்கவில்லை. சிரிப்பு இல்லை அது.

"பாதிதான், பிள்ளை. தும்மிக்கொண்டிருந்தவன். உடம்பும் சுட்டது. ராத்திரி பாதி. காலமை மற்றப் பாதி. பாலில கரைச்சு… நஞ்சோ அது? எல்லாரும் போடுறதுதானே?"

எங்களுக்கு மருந்து, அவனுக்கு இல்லை என்றேன். பூனையின் ஈரலுக்குப் பரசிற்றமோலை உடைக்கத் தெரியாது. அவர் தன் வலக்கையைப் பார்த்தார், யாருடையதோ என்பதுபோல.

"எழுதப் போறீங்களோ?"

"இல்லை அன்ரி. எழுதேல்லை."

ஓடினேன். காலி வீதி முனையில் புவாத் நானாவின் மருந்துக்கடை.

"நானா, சளிக்குக் கரைச்சுக் குடிக்கிற பவுடர் இருக்கா? பக்கெற்றில வாறது?"

"ஈக்கிது. ஆருக்கு மிஸ்?"

"பூனைக்கு."

"பூனைக்கா?" பக்கெற்றைத் திருப்பிப் பார்த்தார். "ஓரேஞ் ரேஸ்ற் மிஸ் இது. எங்கட ஊட்டுப் புள்ளைகளே குடிக்கிறல்ல. பூன குடிக்குமா?"

குடிக்காது. மெல்லிய குழாய் வழியாக விட்டேன். சளியை இளக்கும் அதே பொருள்தான் இந்த நஞ்சுக்கு மாற்று. விற்றமின் சி ஊசி. திரும்ப ஒட்சிசன். தொடாமல் விடுவதும் ஒரு வைத்தியம். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

பின்னேரம் வாய் மூடியது. மூச்சு மூக்கால். சிறில் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கிளினிக்கைப் பூட்ட வேண்டும், இரவில் இங்கே யாரும் தங்குவதில்லை, மருந்தோ ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போக வேண்டும். நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

கேற்றடியில் றஞ்சிதம் அன்ரி கூடையின் பிடியை விடவில்லை.

"என்ர மகன்ர பூனை, பிள்ளை. அமலதாசன். உள்ள இருக்கிறான். பார்க்கப் போனா முதல் இதைத்தான் கேக்கிறவன்."

பெப்ரவரி 12, வெள்ளி

நேற்றைய வழியை எழுதவில்லை. கை ஓயவில்லை.

த்ரீவீலைக் கொள்ளுப்பிட்டி தாண்டி மறித்தார்கள். பொலிஸ்காரி என் பையைக் கொட்டினாள். ஊசிக்குழல்கள். வெள்ளைத் தூள் பக்கெற்றுகள். அவள் ஆமிக்காரனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு பக்கெற்றைக் கிழித்து முகர்ந்தான். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"ரசய்" என்றான். ருசியாம்.

பிறகு கூடை. சேலைத் துண்டை விலக்கினான். வீங்கிய முகம் ஒன்று அவனைப் பார்த்தது. பூனை, வருத்தம் என்று சிங்களத்தில் சொன்னேன். யாருடையது என்றான்.

"மகே."

என்னுடையது. அவன் கேட்டு முடிக்கவில்லை, நான் சொல்லிவிட்டேன். பூனை ஒன்றுக்காகப் பொய். ஏன்? றஞ்சிதம் என்று சொன்னால் எந்த றஞ்சிதம், எந்த ஒழுங்கை, வீட்டில் யார், மகன் எங்கே. யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே எல்லாம் தெரிந்திருந்தது. வாங்கில் உட்கார்ந்து அவர் எனக்குச் செய்ததையே நான் அவனுக்குச் செய்தேன்.

கொட்டாஞ்சேனை, எங்கள் வீடு. அம்மா கதவைத் திறந்தபடியே, வழமைபோல, "வழியில ஏதும்?"

"ஒண்டுமில்லை."

கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "மரியாயே! கூவைக்கட்டு வந்து கன்னம் வீங்கின சவுந்தரநாயகம் மாஸ்டர் மாதிரி எல்லே இருக்குது!"

வீட்டில் உள்ள பனடோல் அட்டைகள் எல்லாவற்றையும் பொறுக்கி என் அலுமாரியில் பூட்டினேன். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் குடுப்பன் எண்டு நினைக்கிறியோ?"

"குடுப்பீங்கள்."

"டொக்டருக்குப் படிச்சு வந்து தாயைப் பொலிஸ் மாதிரிப் பார்க்கிறாள்."

சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட்டார். பிறகு பூனைக்குப் பக்கத்தில் பாய் விரித்தார். எனக்கு என்று நினைத்தேன். தனக்கு.

இன்று திரும்ப வெள்ளவத்தை, திரும்ப ஒட்சிசன். முரசு இன்னும் மண்ணிறம்தான், ஆனால் தண்ணீர் கலந்த மண்ணிறம். வீக்கம் அப்படியே.

அன்ரி மத்தியானம் முழுவதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

போன வருடம் வீட்டைச் சோதித்தபோது வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஒருவன் கொப்பி வைத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தது? மகனோடு படித்த பொடியன் ஒருவன் வந்தான் என்றிருக்கிறார். அவனுக்கு ஏதும் கொடுத்தீர்களா?

"ஓம் எண்டனான். சோறு குடுத்தனான் எண்டனான். பசியோட வந்த பிள்ளை. அதில என்ன ஒளிக்க இருக்குது எண்டு… அவன் எழுதினான். எழுதிப்போட்டு என்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். என்ர வாயாலதான், பிள்ளை."

ஏதும் குடுத்தனீங்களா. நான் அதே சொற்களில் கேட்டிருக்கிறேன். பேனையோடு.

சந்திப்பு இரண்டு சனிக்கு ஒருமுறை. நடுவில் கம்பி வலை. பக்கத்தில் ஒருவன் மேசை போட்டு எழுதிக்கொண்டே இருப்பான். வழக்கைப் பற்றிப் பேசினால் எழுதுகிறான். சொந்தக்காரரின் பெயரைச் சொன்னால் எழுதுகிறான். அதனால் இரண்டு பேரும் பூனையைப் பற்றிப் பேசுகிறார்கள். என்ன தின்றது, எங்கே படுத்தது, பக்கத்து வீட்டு மதிலில் ஏறியதா. நேரம் முடியும்வரை.

"இது செத்துப்போனா நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

பொய் சொல்லலாமே, இருக்கிறது என்று? கேட்கத்தான் நினைத்தேன். அவரே பதில் சொன்னார்.

"எனக்குப் பொய் ஓடாது. ஆமிக்காரனுக்குச் சொல்லலாம். மகனுக்குச் சொன்னா முகத்தில தெரிஞ்சிடும்."

பெப்ரவரி 13, சனி

அடுத்த சந்திப்பு வருகிற சனி.

பெப்ரவரி 14, ஞாயிறு

சிறுநீர் தேயிலைச் சாயம்போல. பால் விடாத தேத்தண்ணி. நான் பயந்தது இதற்குத்தான். பழுதான இரத்தம் இப்போது உடைகிறது. காலையில் முரசில் மண்ணிறம் போய்விட்டிருந்தது, சந்தோஷப்பட்டேன் – முட்டாள் – சிவப்பும் இல்லை. வெள்ளை. கடதாசி வெள்ளை.

தலையைத் தூக்கவில்லை. கூப்பிட்டால் காது மட்டும் திரும்புகிறது.

இரத்தம் ஏற்றலாமா? பூனைக்குப் பூனை இரத்தம் வேண்டும். குழு பொருந்தாவிட்டால் அதுவே கொல்லும். பார்க்க எனக்கு வழியில்லை, இந்த நகரத்தில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. சிறிலுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஏலக்கூடியதைச் செய்திட்டீர். இனிப் பூனைதான் செய்யோணும்" என்றார். பிறகு, "நீர் சாப்பிட்டனீரா?"

காலைச் சாப்பாடு மேசையில் மூடியபடி இருந்தது.

அம்மா பூசையால் வந்து சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் இருந்தார். கனநேரம் கழித்து:

"எனக்குத் தலையிடிக்குது. மாத்திரையை எங்க ஒளிச்சனி? நானும் பூனையோ?"

சிரித்தேன். பிறகு அழுதேன். அலுமாரித் திறப்பை அம்மாவின் கையில் கொடுத்தேன். ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுத் தானே பூட்டி, திறப்பைத் திரும்பத் தந்தார்.

எதற்காக அழுதேன்? பூனைக்கா? நான் பார்த்திராத ஒருவன் கம்பி வலைக்குப் பின்னால் நின்று, சொக்ஸ் என்ன தின்றவன் என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை என்னால் அவனுக்குக் காப்பாற்றிக் கொடுக்க முடியாமல் போகலாம்.

பெப்ரவரி 15, திங்கள்

தண்ணீரை நக்கினான். தானாக.

பெப்ரவரி 17, புதன்

முரசு: இளஞ்சிவப்பு. மிக இளசு. நானே நம்புவதற்காக எழுதிவைக்கிறேன்.

முகவீக்கம் இறங்கி, உள்ளே இருந்த பூனை வெளியே வந்திருக்கிறது. சின்ன முகம். கொஞ்சம் கர்வம். அம்மா கீரி மீனை அவித்து முள் எடுத்து வைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அம்மா ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளியும் விடவில்லை, உப்பும் போடவில்லை என்று அவனுக்கே விளக்கம் சொன்னார். அவர் குசினிக்குள் போனதும் தின்றான்.

நான் சொல்லவில்லை. வெறும் தட்டைப் பார்த்து அம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன்.

பெப்ரவரி 19, வெள்ளி

சொக்ஸ் வீடு போகிறான்.

அன்ரி நல்ல சேலை ஒன்றைக் கொண்டுவந்து, மடித்தபடியே கூடைக்குள் விரித்து, அதன்மேல் அவனை விட்டார். நாளை கட்டிப் போகிற சேலையாம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மயிர் ஒட்டியிருக்கும். வலைக்குள்ளால் கை போகாது, விரல் நுனி மட்டும் போகும். சேலைத் தலைப்பை வலையோடு பிடித்தால் மகன் ஒரு பூனை மயிரை எடுத்துக்கொள்வான்.

"என்னத்தைச் சொல்லுறது நாளைக்கு?" என்றார்.

"சுகம் எண்டு சொல்லுங்கோவன். சுகம்தானே."

"அது சரி. பனடோல் குடுத்ததை?"

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? அம்மாவிடம் ஒவ்வொரு நாளும் ஒண்டுமில்லை என்கிறவள்.

"சொன்னா எழுதுவாங்களோ?"

"பூனைக்கு மருந்து குடுத்ததையோ, அன்ரி?"

"சோறு குடுத்ததை எழுதினவங்கள்."

பெப்ரவரி 21, ஞாயிறு

காலையில் றஞ்சிதம் அன்ரி கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டார். அம்மாவும் அவரும் பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டார்கள். பூனையின் குணக்கேடுகளைப் பற்றி ஒரு தேத்தண்ணி முடியும்வரை. பிறகு அம்மா ஏதோ சாட்டுச் சொல்லி எழும்பிப் போனார்.

சொல்லிவிட்டாராம்.

போய் நின்றதும் அவன் கேட்டிருக்கிறான், சொக்ஸ் எப்பிடி என்று. சுகம் என்று சொல்ல வாய் எடுத்து, முடியாமல், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தும்மல், பாதி மாத்திரை, பால், வீங்கின முகம். என்னிடம் இல்லை இல்லை என்றதையும். என்ர கையாலதான் குடுத்தனான் என்று.

அமலதாசன் சிரித்தானாம். உள்ளே போன பிறகு முதல் தடவை. "அம்மா, எனக்கும் நீங்கள் எல்லாத்துக்கும் அதுதானே தந்தனீங்கள். நான் தப்பி இருக்கிறன்தானே."

அந்தச் சிரிப்பு முடியுமுன்னே சொன்னானாம்:

"எனக்கு இடது காது கேக்கேல்லை, அம்மா."

அன்ரி இதைச் சொல்லும்போது தேத்தண்ணிப் பீரிசைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு நாளும் போய் நிண்டா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு நிப்பான், பிள்ளை. சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் சோறு குடுத்தன் எண்டு சொன்ன கோவத்தில என்ர முகத்தைப் பார்க்கிறானில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அவன் கேக்கிற காதை எனக்குக் கிட்டக் கொண்டு வந்திருக்கிறான்."

எப்படிப் போனது அந்தக் காது? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

"அந்த எழுதுறவன் எழுதினானோ?" என்றேன்.

"நான் பார்க்கேல்லை" என்றார்.

மார்ச் 4, வியாழன்

காதைப் பற்றி அன்ரி சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று கோர்ட்டில் கேட்கப் போகிறார்களாம். கேஸ் போகும், வரும், நாளெடுக்கும் என்கிறார்.

பஸ்ஸால் இறக்கி நெடுநேரம் நிறுத்தினார்கள் இன்று. வெயில். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு மயக்கம் வந்தது. நாய் பூனை டொக்டர் என்றாலும் டொக்டர்தானே – காலைத் தூக்கி வைத்தேன், தண்ணீர் கேட்டேன். ஆமிக்காரன் ஒருவன் தன்னுடைய போத்தலைத் தந்தான். மற்றவன் என் பெயரை எழுதினான்.

வீடு. கதவு.

"வழியில ஏதும்?"

வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மா கதவைச் சாத்தினார். உட்கார் என்று சொல்லவில்லை, தான் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார், இன்றையதை மட்டுமில்லை. கடைசியில் பயப்படுவார், அழுவார் என்று இருந்தேன். "இனி ஒரு போத்தல் தண்ணி கொண்டு போ" என்றார்.

ஏப்ரல் 20, செவ்வாய்

சிறில் கேட்கிறார், அட்டையை ஏன் எல்லாரும் போன பிறகு நிரப்புகிறேன் என்று. ஞாபகத்தில் நிற்குமா?

நிற்கிறது. அதிகமாகவே நிற்கிறது. இன்று பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒரு ஐயா தானாகச் சொன்னார், நாய்க்குத் தன் பிரஷர் குளிசையைக் கொடுத்ததாக. "அதுக்கும் என்னைப்போலக் கோவம் வருது, டொக்டர்."

யூன் 9, புதன்

காதை வைத்தியர் பார்த்திருக்கிறார். இனிக் கேட்காது. ஆனால் பார்த்தார் என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு எழுத்து அவனுக்காக.

சொக்ஸ் பக்கத்து வீட்டு மதிலில் ஏறுகிறானாம்.

ஓகஸ்ட் 5, வியாழன்

சொக்ஸ் வந்தான். விடியலில் இருந்து வாந்தி. கண் தெளிவு, முரசு நல்ல சிவப்பு. முதலில் முரசைத்தான் பார்த்தேன்.

கூடை றஞ்சிதம் அன்ரியின் கையில் இல்லை. அவர் பின்னால் வந்தார், வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாதவர்போல. கூடையைப் பிடித்திருந்தவன் உயரம். சட்டை அவனுக்குப் பெரிது. முன்பு அளவாக இருந்திருக்கும்.

விட்டுட்டாங்கள் என்று மட்டும் அன்ரி சொன்னார். பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கில் உட்கார்ந்தான். இடது பக்கம் உட்காரப் போன நான் நினைவு வந்து, சுற்றிப்போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். அவன் கவனித்தான்.

"எப்ப தொடங்கினது?"

"விடிய."

"வெளியில போனவனா?"

"இல்லை."

பதில்கள் உடனே வந்தன. அந்தக் குரலில். நான் சொக்ஸின் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. நோவில்லை.

"ஏதும் குடுத்தனீங்களா?"

வாய் திறந்தான். மூடினான். என் கைகளைப் பார்த்தான். இரண்டும் பூனையின்மேல் இருந்தன. தாயைப் பார்த்தான். அவர் ஒழுங்கையின் முடிவில் தெரியும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை.

"ஓம்" என்றான்.

காத்திருந்தேன்.

"கருவாடு. பொரிச்சது. ஒரு துண்டு." கொஞ்சம் கழித்து, பூனையின் காதைத் தடவியபடி, "ஒரு துண்டில்லை, டொக்டர். கனக்க."